குளிரில் தூங்கிப்போகும் ஈஸ்ட்: பீர்க்கு நாரா, கரும்புச் சக்கையா, எதில் பிடித்து வைப்பது?

கந்தப்பளைக் குளிர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் பதினொரு பெண்கள் சேர்ந்து பேரிக்காயில் வினாகிரி செய்து வருகிறோம். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் காற்றுக்கு விழுந்த காய், அடிபட்ட காய், லொறிக்காரர் கழித்துப் போட்ட காய் எல்லாம் மலிவாகக் கிடைக்கின்றன. துருவித் துணியில் பிழிந்து, 20 லீற்றர் வாளியில் ஊற்றி, உலர் ஈஸ்ட் போடுகிறோம். சீனி மதுசாரமாக மாறிய பிறகு வாயகன்ற பாத்திரத்துக்கு மாற்றி, பழைய வினாகிரியிலிருந்து கொஞ்சம் உறை விட்டு, காற்றுப்பட வைக்கிறோம். கடையில் வரும் செயற்கை வினாகிரிக்கும் இதற்கும் வாசனையிலேயே வித்தியாசம் தெரிகிறது. வாங்கியவர்கள் மறுபடியும் கேட்டு வருகிறார்கள்.

எங்கள் பிரச்சினை குளிர். வேலை நடப்பது பழைய லயத்தின் கடைசிக் காம்பிராவில். விடிகாலையில் அங்கே வெப்பநிலை 12 பாகை, சில நாள் 11. வெயில் உள்ள வாரங்களில் முதல் கட்டம் ஆறு நாளில் முடிந்துவிடும். மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் பதினாறு, பதினேழு நாள் ஆகிறது. அதற்குள் மேலே வெள்ளை ஆடை படிந்து நகப்பூச்சு மாதிரி ஒரு வாடை வந்துவிடுகிறது. போன மாதம் இரண்டு வாளியைக் கானில் கொட்டினோம். அன்று அந்தக் காய்களைச் சுமந்து வந்த அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரவெல்லாம் அடுப்பு எரிக்க வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் புது ஈஸ்ட் வாங்குவதும் கட்டுப்படியாகவில்லை. ஈஸ்ட்டை நாரிலோ மரத்தூளிலோ ஒட்டவைத்துவிட்டால் திரும்பத் திரும்பப் பாவிக்கலாம், குளிரிலும் வேலை செய்யும் என்று ஒரு தம்பி சொன்னார். இது உண்மையா? எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியதா?

அட்டன் டீச்சர்

உண்மைதான் தங்கச்சி. உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படிப்பிப்பதால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஈஸ்ட் 'மதுவம்' என்றுதான் வரும். இங்கே வழக்குச் சொல்லையே எழுதுகிறேன்.

சாதாரணமாகப் போடும் ஈஸ்ட் சாற்றில் மிதந்து வேலை செய்கிறது, முடிந்ததும் அடியில் வண்டலாகப் படிகிறது. நீங்கள் மேல்நீரை வடித்துவிட்டு வண்டலைக் கொட்டிவிடுகிறீர்கள். கொட்டுவது உயிருள்ள பட்டாளம். அதை ஏதாவது ஒரு பொருளின் மேற்பரப்பிலும் துளைகளிலும் தங்கவைத்துவிட்டால், சாற்றை மட்டும் மாற்றலாம், பட்டாளம் இடத்தைவிட்டு நகராது. இதைத்தான் நிலைப்படுத்தல் என்கிறோம்.

யோசனை பழையது. 1823இல் ஷூட்சன்பாக் என்ற ஜேர்மனியர் பீச் (beech) மரச் சீவல்களை ஒரு பெரிய மரத்தொட்டியில் நிரப்பி, மேலிருந்து மதுசாரத்தை ஒழுகவிட்டு, கீழிருந்து காற்று ஏற வழி வைத்தார். சீவல்களில் ஒட்டி வளர்ந்த பற்றீரியா அதை விரைவாக வினாகிரி ஆக்கியது. உங்கள் இரண்டாம் கட்ட வேலை அப்படியே அதுதான். அந்தக் காலத்தில் பற்றீரியா என்றால் என்ன என்பதே யாருக்கும் விளங்கியிருக்கவில்லை. அதே உத்தியை முதல் கட்டத்துக்கு, ஈஸ்ட்டுக்குக் கொண்டுவருவதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

குளிர் விஷயத்தில் கிரேக்கத்தின் பத்ராஸ் பல்கலைக்கழகத்தில் 1990களில் நல்ல வேலை நடந்திருக்கிறது. மரத்தூளிலிருந்து இலிக்னின் என்ற பசைப்பொருளை நீக்கி, மிஞ்சிய செலுலோசு நாரில் ஈஸ்ட்டைப் பிடிக்கவைத்து, 10 பாகைக்குக் கீழேயும் திராட்சைச் சாற்றை நொதிக்கவைத்தார்கள். பார்டி, கோட்டினாஸ் இருவரும் இதை 1994இல் வெளியிட்டார்கள். உங்கள் காம்பிராவின் 12 பாகை அவர்களுக்குச் சூடு!

மட்டுறுத்துநர்

ஒரு வார்த்தை. இந்த இழை வினாகிரி பற்றியது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது, அனுமதி இல்லாமல் மதுபானம் செய்வது குற்றம். கசிப்பால் நம் லயங்களில் எத்தனை குடும்பங்கள் சிதைந்தன என்பது இங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும். காய்ச்சி வடிப்பது பற்றி எழுதப்படும் எதையும் நீக்கிவிடுவேன். தொடருங்கள்.

கந்தப்பளைக் குளிர்

சரியாகச் சொன்னீர்கள். நாங்கள் தொடங்கும் முன்பே மதுவரித் திணைக்களத்திலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினோம். விற்கப்போகிறவர்கள் எல்லோரும் அப்படிக் கேட்பது நல்லது.

ஸ்டோர் ஐயா

நான் முப்பத்திரண்டு வருடம் தேயிலை ஸ்டோரில் இருந்தவன். நாங்களும் 'பர்மென்டிங்' என்றுதான் சொல்வோம். ஆனால் கொழுந்தை அரைத்துப் பரப்பும்போது நடப்பதில் ஈஸ்ட்டுக்கு வேலையே இல்லை. கொழுந்திலேயே உள்ள நொதியம் காற்றோடு சேர்ந்து அதைச் சிவக்கவைக்கிறது. பேர் மட்டும் ஒன்று. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கழிவுத் தேயிலையில் ஈஸ்ட்டை ஒட்டவைக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். வேண்டாம். முதலாவது, கழிவுத் தேயிலையை வைத்திருப்பதற்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. இரண்டாவது, அதில் துவர்ப்பு அதிகம்.

துவர்ப்பு ஈஸ்ட்டை என்ன செய்யும் என்பதைக் கித்துள் (கூந்தற்பனை) சீவுகிறவர்களிடம் கேளுங்கள். கருப்பட்டிக்கு இறக்கும் பதநீர் புளிக்கக் கூடாது என்பதற்காக முட்டிக்குள் 'ஹல்' மரப்பட்டைத் துண்டு ஒன்றைப் போடுவார்கள். பட்டையின் துவர்ப்பு ஈஸ்ட்டை அடக்கிவிடும். கள்ளு வேண்டுமென்றால் பட்டை போடமாட்டார்கள், பழைய முட்டியையும் அழுத்திக் கழுவமாட்டார்கள். மண்முட்டியின் துளைகளில் நேற்றைய ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், புதுப் பதநீர் இறங்கிய உடனே வேலையைத் தொடங்கும். டீச்சர் சொல்லும் நிலைப்படுத்தலைச் சீவுகிறவர் கண்டுபிடித்து எத்தனை தலைமுறை ஆயிற்றோ.

ஆகவே எந்த மரமோ நாரோ எடுத்தாலும் முதலில் அதன் சாயமும் துவர்ப்பும் போகும்வரை அவித்துக் கொட்டுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

பேராதனை நொதி

ஐயா சொன்ன கித்துள் உதாரணத்தை எங்கள் விரிவுரையில் கேட்டிருந்தால் இன்னும் தெளிவாக விளங்கியிருக்கும். நான் உணவு விஞ்ஞானம் படிக்கிறேன்.

அக்கா, பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்த பிறகு உள்ளே இருக்கும் நார்க்கூடு பார்க்க மிகப் பொருத்தமாகத் தெரியும். மலிவு, சுத்தம், தண்ணீரில் அழுகாது. ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் ஒக்பொன்னா, தனாக்கா ஆகியோர் 1990களில் இதை நன்றாகவே ஆராய்ந்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஈஸ்ட் கலம் ஒன்று 5 முதல் 10 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் நூறு முதல் இருநூறு கலம் வரிசையாக நிற்கலாம். பீர்க்கு நாரின் கண்களோ மில்லிமீற்றர் கணக்கில் அகலம். மீன் பிடிக்கும் வலையால் கடுகை அள்ளுகிற மாதிரி. தானாகத் திரண்டு கட்டிகட்டியாகும் இன ஈஸ்ட் என்றால் கட்டி நாரில் சிக்கிக்கொள்ளும். பாண் ஈஸ்ட் பெரும்பாலும் அப்படித் திரளாது.

அதற்காகச் செய்யாமல் விட வேண்டாம். ஒரு வாளியில் முயன்று பாருங்கள், செலவு ஒன்றும் இல்லையே.

கந்தப்பளைக் குளிர்

முயன்றோம். நாலு பீர்க்கங்கூட்டைத் தோலும் விதையும் நீக்கி, இரண்டு தண்ணீரில் அவித்து, ஈஸ்ட் கரைத்த சீனித்தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு சாற்றில் போட்டோம். முதல் வாளி ஒன்பது நாளில் முடிந்தது. சந்தோஷப்பட்டோம். இரண்டாவது வாளிக்கு நாரை எடுத்து வைத்தபோதே தெரிந்துவிட்டது. தூக்கினால் பால் மாதிரி வழிந்து எல்லாம் கீழே போகிறது. இரண்டாவது பதின்மூன்று நாள், மூன்றாவது பழைய கதைதான். தம்பி சொன்ன கடுகும் வலையும் கண்ணால் பார்த்தோம்.

இன்னொன்றும் நடந்தது. வாயு ஏறி ஏறி நார் முழுவதும் மேலே மிதந்து வந்து, காற்றுப்பட்ட பகுதியில் பூஞ்சணம் பிடித்தது.

அட்டன் டீச்சர்

மிதப்பதற்கு மருந்து எளிது. துளை போட்ட எவர்சில்வர்த் தட்டு ஒன்றை மேலே வைத்து, அதன் மேல் அவித்துக் கழுவிய கல் ஒன்றை வையுங்கள். நார் எப்போதும் சாற்றுக்கு அடியில் இருக்க வேண்டும்.

வாயுவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். 180 கிராம் குளுக்கோசு முழுதாக நொதித்தால் 92 கிராம் மதுசாரமும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் வரும். ஒரு கிலோ சீனிக்கு 250 லீற்றருக்கு மேல் வாயு. உங்கள் 20 லீற்றர் வாளி ஒன்றில் இரண்டு கிலோவாவது சீனி இருக்கும். அப்படி நாலைந்து வாளி, சன்னல் சாத்திய ஒரு சின்னக் காம்பிரா. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு தேங்கும். குளிர் என்று எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டு உள்ளே யாரும் படுக்க வேண்டாம், பிள்ளைகளை விளையாட விடவும் வேண்டாம். வாளி மூடியில் ஒரு குழாய் செருகி, அதன் நுனியைத் தண்ணீர்ப் போத்தலில் அமிழ்த்தி வையுங்கள். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது.

கந்தப்பளைக் குளிர்

டீச்சர், நன்றி. ஒரு அக்கா மழை நாளில் கைக்குழந்தையை அங்கேதான் தூங்கவைப்பார். இன்றோடு அதை நிறுத்திவிட்டோம். கதவின் கீழே ஒரு சாண் இடைவெளியும் விட்டுவிட்டோம்.

மஸ்கெலியா மாணவி

நான் டீச்சரிடம் படிப்பவள் இல்லை, ஆனாலும் கேட்கலாமா? எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் சோடியம் அல்ஜினேற்றில் ஈஸ்ட்டைக் கலந்து கல்சியம் குளோரைட்டுக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு மணிகள் செய்தோம். ஜவ்வரிசி மாதிரி அழகாக வந்தது. அல்ஜினேற்று கடற்பாசியிலிருந்துதானே வருகிறது? அதைப் பாவித்தால் ஈஸ்ட் வழிந்து போகாதே?

அட்டன் டீச்சர்

தாராளமாகக் கேளுங்கள் மகள். ஆமாம், அது கபில நிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. கியர்ஸ்டன், பக் என்ற இருவர் 1977இல் ஈஸ்ட்டை அதில் அடைத்துக் காட்டியதிலிருந்து உலகம் முழுவதும் ஆய்வுகூடங்களில் அதுதான் வழக்கம். நாரில் ஈஸ்ட் வெளிப்புறமாக ஒட்டியிருக்கிறது, மணியில் உள்ளே அடைபட்டிருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

ஆனால் வாளிக் கணக்கில் பழச்சாற்றோடு வேலை செய்யும்போது இரண்டு சங்கடம் வரும். உள்ளே உருவாகும் வாயு மணியை வெடிக்கவைக்கும். அப்புறம் மணியைக் கட்டிப்பிடித்திருப்பது கல்சியம். பழத்தில் உள்ள சித்திரிக் அமிலமும் பொசுபேற்றும் அந்தக் கல்சியத்தை மெல்ல இழுத்துவிடும், மணி தளர்ந்து கூழாகும். கண்காட்சி மணிகளைத் தேசிக்காய்ச் சாறும் கொஞ்சம் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரில் போட்டு ஒரு நாள் வைத்துப் பாருங்கள், விளங்கும். கந்தப்பளைக்கு அல்ஜினேற்றை எங்கிருந்து வரவழைப்பது, எத்தனை காசு என்பது வேறு. தோட்டத்திலோ சந்தையிலோ கிடைக்கிற பொருளாக இருந்தால்தான் அவர்கள் கையில் அது நிலைக்கும்.

பண்டாரவளை மரவேலை

எங்கள் பட்டறையில் சவுக்குத் தூள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. தேயிலைக்கு நிழலாக நிற்கும் அதே சவுக்குத்தான், கிரவிலியா. கிரேக்கர்கள் மரத்தூளில்தானே செய்தார்கள்? சும்மாவே தருகிறேன்.

பேராதனை நொதி

அண்ணா, கொடுக்க முன்வந்ததற்கு நன்றி. ஆனால் சவுக்கு வேண்டாம் என்பேன். அந்த மரத்தில் தோலை அரிக்கவைக்கும் பொருள்கள் உண்டு. தூளோடு வேலை செய்கிறவர்கள் சிலருக்குக் கை, கழுத்தெல்லாம் தடித்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். டர்பன்டைன் மரமும் வேண்டாம், அதன் எண்ணெய் கிருமியையும் கொல்லும், ஈஸ்ட்டையும் கொல்லும். பட்டறைத் தூள் பொதுவாகவே சிக்கல். எந்தப் பலகைக்கு என்ன பூச்சிமருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? வாயில் வைக்கும் பொருளுக்கு, முன்பே நாம் தின்கிற ஒரு தாவரத்திலிருந்து வரும் நாரை எடுப்பதுதான் நல்லது. என் தெரிவு கரும்புச் சக்கை. பிழிந்த பிறகு உள்ளே பஞ்சு மாதிரி மிஞ்சுகிற சோற்றுப்பகுதியில் நுண்ணிய துளைகள் அதிகம்.

அதை முதலில் கோஸ்டிக் சோடாவில் அவிக்க வேண்டும், ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். தாவர நாரில் செலுலோசு இழைகளை இலிக்னின் பசை மாதிரி மூடியிருக்கிறது. 1 வீதக் கோஸ்டிக் சோடாக் கரைசல் அந்தப் பசையில் கொஞ்சத்தைக் கரைத்தெடுக்கும், தண்ணீர் கறுப்புத் தேநீர் மாதிரி ஆகும். பசை போன இடமெல்லாம் குழியும் பிளவுமாக மாறும், ஈஸ்ட் அங்கே குடியேறும். ஒட்டவைப்பது பெரிய இரசாயனப் பிணைப்பு ஒன்றும் இல்லை. கலச்சுவருக்கும் நாருக்கும் இடையிலான மெல்லிய ஈர்ப்பு, அதோடு குழிக்குள் ஒதுங்கிக்கொள்வது. அதனால்தான் குழி முக்கியம்.

சோடாவைத் தண்ணீரில் கொஞ்சங் கொஞ்சமாகப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

கந்தப்பளைக் குளிர்

மன்னிக்கவும், பத்து நாளாக எழுத முடியவில்லை. ஒரு விபத்து.

மொனராகலைப் பக்கம் உள்ள என் மைத்துனர் கரும்புச் சக்கை ஒரு மூட்டை அனுப்பினார். தம்பி சொன்னபடி கையுறை போட்டோம், சோடாவைத் தண்ணீரில்தான் போட்டோம். ஆனால் எங்களிடம் இருந்த பெரிய பாத்திரம் அலுமினியச் சட்டி. அடுப்பில் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் சக்கை வேகும் முன்பே நுரை பொங்கியது, மூக்கை எரிக்கும் ஆவி எழுந்தது, சட்டி கறுத்துப்போனது. இறக்கப் போனபோது பொங்கியது ஒரு தங்கச்சியின் முழங்கையில் தெறித்துவிட்டது. இருபது நிமிடத்துக்கு மேல் குழாய்த் தண்ணீரில் பிடித்துவிட்டு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். புண் ஆறிவருகிறது. சட்டியைப் பிறகு தூக்கிப் பார்த்தால் அடியில் ஊசித்துளைகள்.

பேராதனை நொதி

அக்கா, இது என் தவறு. பாத்திரத்தைப் பற்றி நான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். கோஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். அடுப்புத் தீ பக்கத்தில் இருக்கும்போது அது பற்றிக்கொள்ளவும் கூடும். எவர்சில்வர் மட்டுமே. இனி இந்த இழையை யார் வாசித்தாலும் இந்தப் பதிவைத் தாண்டிப் போகாதீர்கள். அந்தத் தங்கச்சிக்கு என் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

கந்தப்பளைக் குளிர்

தம்பி, உங்கள் தவறில்லை. அவரே இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

எவர்சில்வர்ப் பாத்திரம் இரவல் வாங்கி மறுபடி செய்தோம். 10 லீற்றர் தண்ணீர், 100 கிராம் சோடா, காய்ந்த சக்கை 600 கிராம், இரண்டு மணி நேரம் மெல்லிய கொதி. தண்ணீர் சாயத்தோட்டி மாதிரி கறுத்தது. ஒன்பது தண்ணீர் மாற்றிக் கழுவியும் வழுவழுப்புப் போகவில்லை. கடைசியில் எங்கள் வினாகிரியிலேயே கொஞ்சம் தண்ணீரில் கலந்து அலசினோம், உடனே வழுவழுப்புப் போனது. பி.எச். தாளிலும் பார்த்துக்கொண்டோம், 7. பிறகு ஒரு முறை வெறும் தண்ணீரில் அவித்து எடுத்தோம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்து, சீனித்தண்ணீரோடு சக்கையை ஒன்றரை நாள் ஊறவைத்து, வடித்து, சாற்றில் போட்டோம். காம்பிராவில் 12 முதல் 15 பாகை. முதல் வாளி எட்டு நாள். இரண்டாவது ஏழு. மூன்றாவதும் ஏழு! சக்கையைப் பிழிந்தால்தான் கொஞ்சம் கலங்கலாக வருகிறது, தூக்கினால் வழிவதில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் திரவமானியில் தொடக்கத்தில் 1.046 இருந்தது. முடிவில் 1.009இல் நின்றுவிட்டது, அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது. குமிழியும் நின்றுவிட்டது. ஈஸ்ட் பாதியில் சோர்ந்துவிட்டதா? குளிர்தான் காரணமா?

அட்டன் டீச்சர்

சோரவில்லை. வேலையை முடித்துவிட்டது. பேரிக்காயில் குளுக்கோசு, புரூட்டோசு தவிர சோபிட்டோல் என்ற ஒன்றும் இருக்கிறது. இனிக்கும், திரவமானியில் காட்டும், ஆனால் இந்த ஈஸ்ட்டுக்கு அது உணவில்லை. அதனால் பேரிக்காய்ச் சாறு 1.000க்கு வராமல் 1.005, 1.010 என்று நிற்பது வழக்கம். இந்தக் கணக்குப்படி உங்களுக்கு ஏறத்தாழ 4.8 வீத மதுசாரம் கிடைத்திருக்கிறது. ஒரு வீத மதுசாரத்துக்கு ஏறக்குறைய ஒரு வீத அமிலம், சேதாரம் போக நாலு, நாலேகால் வந்தாலும் நல்ல வினாகிரிதான். கொஞ்சம் சீனி சேர்த்துத் தொடங்கினால் இன்னும் ஏறும்.

ஒளிமுறிவுமானி (ஒளி வளைவதை வைத்துச் சீனியை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: மதுசாரம் சேர்ந்த பிறகு அது பொய்க்கணக்குக் காட்டும். முடிவைப் பார்க்கத் திரவமானிதான் சரி.

ஸ்டோர் ஐயா

குளிரில் ஏன் இது வேகமாக நடக்கிறது என்று யாராவது விளங்கப்படுத்துவீர்களா? ஈஸ்ட் அதே ஈஸ்ட், காம்பிரா அதே காம்பிராதானே?

பேராதனை நொதி

ஐயா, குளிரில் ஒவ்வொரு கலமும் மெதுவாகத்தான் வேலை செய்கிறது, அது மாறவில்லை. புது வாளியில் கொஞ்சம் ஈஸ்ட்டைப் போட்டால் அது முதலில் பெருக வேண்டும். குளிரில் அந்தப் பெருக்கத்துக்கே நாலைந்து நாள் போய்விடுகிறது. சக்கையிலோ முன்பே பெருகிய கூட்டம் தயாராக இருக்கிறது. ஒரு கிராம் உலர் ஈஸ்ட்டில் சுமார் ஆயிரம் கோடிக் கலம், ஊறிப் பெருகிய சக்கையில் அதைவிடப் பல மடங்கு. பத்ராஸ் குழுவினர், செலுலோசு நொதித்தல் தொடங்கத் தேவையான சக்தியையும் (ஏவற்சக்தி) குறைக்கிறது என்றும் காட்டினார்கள். கந்தப்பளையில் முக்கியக் காரணம் கூட்டத்தின் அளவுதான் என்று நான் நினைக்கிறேன்.

அக்கா, இப்போது ஒரு யோசனை. அந்தச் சுட்ட முழங்கை என் மனதை விட்டுப் போகவில்லை. அதே கிரேக்கக் குழுவினர் பிறகு அப்பிள் துண்டு, பேரிக்காய்த் துண்டு ஆகியவற்றிலும் ஈஸ்ட்டைப் பிடிக்கவைத்துக் குறைந்த வெப்பநிலையில் நொதிக்கவைத்திருக்கிறார்கள். சோடா வேண்டாம், சக்கை மூட்டை வேண்டாம். உங்களிடம் உள்ள காயே போதும். முற்றாத, கல் மாதிரிக் கெட்டியான காயாக எடுங்கள். கனிந்தது நாலு நாளில் கூழாகிவிடும்.

கந்தப்பளைக் குளிர்

இதைப் படித்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாள் கெட்டிக் காயைத்தான் சாறு வராது என்று மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு கிலோ காயை விதை நீக்கி, கட்டைவிரல் நுனி அளவுக்கு வெட்டி, ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, ஆறியதும் ஈஸ்ட் கலந்த சாற்றில் இரண்டு நாள் ஊறவைத்தோம். பிறகு வடித்து 20 லீற்றர் வாளிக்கு. தட்டும் கல்லும் மேலே.

மஸ்கெலியா மாணவி

ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஈஸ்ட்டோடு சேர்ந்து வேறு கிருமியும் ஒட்டிக்கொள்ளாதா?

அட்டன் டீச்சர்

ஒட்டிக்கொள்ளும். நல்ல கேள்வி. நிலைப்படுத்தியதெல்லாம் நல்லதை மட்டும் பிடித்து வைப்பதில்லை. இங்கே மிகப் பெரிய ஆபத்து வினாகிரிப் பற்றீரியாவேதான். அது இரண்டாம் கட்டத்தில் நண்பன், முதல் கட்டத்தில் பகைவன். அசற்றிக் அமிலம் அரை வீதத்தைத் தாண்டினாலே ஈஸ்ட் தடுமாறத் தொடங்கும். ஆகவே முதல் கட்ட வாளி, கரண்டி, துணி எல்லாவற்றையும் தனியாக வையுங்கள். முடிந்தால் வினாகிரிப் பாத்திரங்களை வேறு காம்பிராவுக்கு மாற்றுங்கள். சாறு முடிந்த அன்றே துண்டை அடுத்த சாற்றுக்கு மாற்றிவிடுங்கள், வெறுமனே காயவிட வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பாருங்கள். பாண் மணம், பழ மணம் இருந்தால் தொடரலாம். நகப்பூச்சோ வினாகிரியோ மணத்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

கந்தப்பளைக் குளிர்

ஏழு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பேரிக்காய்த் துண்டில் ஆறு வாளி எடுத்துவிட்டோம். முதலாவது ஒன்பது நாள். இரண்டு முதல் ஐந்து வரை பெரும்பாலும் ஆறு, ஏழு நாள். நடுவில் ஒரு வாரம் புல் வெள்ளையாகும் அளவுக்கு உறைபனி. காம்பிராவில் 9 பாகை காட்டியது, அந்த வாளி கூட எட்டு நாளில் முடிந்தது. ஆறாவதில் துண்டுகள் ஓரம் கரைந்து சாறு கலங்கத் தொடங்கியது. மணம் கெடவில்லை, ஆனாலும் நிறுத்திவிட்டோம். பழைய துண்டில் ஒரு கைப்பிடியை எடுத்துப் புதுத் துண்டுகளோடு ஊறவைத்தோம், கடையில் ஈஸ்ட் வாங்கவில்லை. ஆறாவதுக்குப் பிறகு புதுத் துண்டு என்பதை எங்கள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம்.

கரும்புச் சக்கை இன்னும் ஒரு வாளியில் ஓடுகிறது. அது பத்தாவது தடவை, அசையவே இல்லை. நீண்ட நாள் உழைப்பது அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பெண்கள் துண்டைத்தான் விரும்புகிறார்கள். அதில் வரும் வினாகிரியில் பழ வாசனை கூடுதலாக நிற்கிறது, பயமும் இல்லை. டீச்சர் அனுப்பிய முறைப்படி அமிலம் பார்த்ததில் 4.3 வீதம் வந்தது.

இந்த முறை ஒரு வாளியும் கானுக்குப் போகவில்லை. காய் சுமக்கும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, அவர் ஒன்றும் பேசாமல் அடுத்த சாக்கை இறக்கி வைத்தார்.

ராகலை வாசகி

இழை முழுவதையும் இரண்டு தடவை படித்தேன் அக்கா. எங்கள் பக்கத்திலும் பேரிக்காய் வீணாகிறது. நாங்கள் ஏழு பேர் இருக்கிறோம். உங்களிடமிருந்து அந்தத் துண்டில் கொஞ்சம் கிடைக்குமா?

கந்தப்பளைக் குளிர்

கட்டாயம் கிடைக்கும். வரும் செவ்வாய் சாறு மாற்றுகிறோம், நாலு மணிக்கு மேல் வாருங்கள். வாயகன்ற போத்தல் ஒன்றை அவித்துக் கழுவிக் கொண்டு வாருங்கள், துண்டு மூழ்கும் அளவுக்குச் சாறும் ஊற்றித் தருகிறோம். பஸ்ஸில் போகும்போது மூடியை இறுக்கிவிடாதீர்கள், துணி கட்டிக்கொண்டு மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் இரவே புதுச் சாற்றில் போட்டுவிடுங்கள்.